பட்டாவில் ஏறாத தண்ணீர்

அரக்கோணத்திலிருந்து ரேணிகுண்டா போகும் பாசஞ்சர் ரயிலில் ஜன்னலோரம் உட்கார்ந்து மாநில எல்லையைப் பார்த்துவிடலாம் என்று நினைப்பவர் ஏமாந்துபோவார். திருத்தணி கழியும், பொன்பாடி கழியும், அடுத்துப் பெயர்ப்பலகையே போதாத வெங்கடநரசிம்மராஜுவாரிப்பேட்டை வரும். பலகையில் எழுத்து மாறியிருக்கும். பலகைக்குப் பின்னால் செம்மண்ணும் பனையும் வேலிகாத்தான் புதரும் அப்படியேதான் இருக்கும். பிறகு நகரி. விசைத்தறிச் சத்தம் ஓயாத தெருக்கள். வீட்டுக்குள் தமிழ், தாசில்தார் ஆபீஸில் தெலுங்கு. ஊருக்கு அப்பால், ஒருகாலத்தில் கடலில் வந்த மாலுமிகள் கரையை அடையாளம் கண்டுகொண்ட ‘நகரி மூக்கு’ மலை.

கண்ணுக்குத் தெரியாத அந்தக் கோட்டுக்கு வயது அதிகமில்லை. 1953 அக்டோபர் 1 அன்று ஆந்திர மாநிலம் பிறந்தபோது சித்தூர் மாவட்டம் முழுசாக அங்கே போனது. ம.பொ.சி. தலைமையில் எல்லைப் போராட்டம் நடந்தது. படாஸ்கர் நடுவராக வந்தார். 1959இல் நாடாளுமன்றம் எல்லை மாற்றச் சட்டம் இயற்ற, 1960 ஏப்ரல் 1 முதல் திருத்தணி சென்னை மாநிலத்துக்கு வந்தது. நகரி ஆந்திராவிலேயே தங்கியது. செங்கல்பட்டு மாவட்டத்திலிருந்து சத்தியவேடு பக்கம் அங்கே போனது. பங்காளிகளில் சிலர் அந்தப் பக்கம், சிலர் இந்தப் பக்கம்.

எல்லைக் கமிஷன்களில் மொழியைப் பற்றி எவ்வளவோ பேசினார்கள். நிலத்தைப் பற்றி யாரும் பெரிதாகப் பேசவில்லை. ஆனால் அன்றிலிருந்து ஒரே மண்ணுக்கு இரண்டு உச்சவரம்புச் சட்டம், இரண்டு விதமான பட்டா, இரண்டு ரேஷன் கார்டு. நிலத்தைப் பங்கிட்டுக் கொடுத்தால் வயல் என்ன ஆகிறது, அடுப்பு என்ன ஆகிறது என்று அறிய விரும்புகிறவருக்கு இதைவிடத் தோதான இடம் அமைவது கடினம்.

இப்படி யோசித்தவர்கள் உண்டு. டிமோத்தி பெஸ்லி, ஜெசிக்கா லைட், ரோகிணி பாண்டே, விஜயேந்திர ராவ் என்ற நான்கு பொருளாதார அறிஞர்கள், மொழிவழி மாநிலப் பிரிவினையில் வெவ்வேறு மாநிலங்களில் போய் விழுந்த, ஆனால் மொழியாலும் வழக்கத்தாலும் ஒத்த தென்னிந்திய எல்லையோரப் பகுதிகளை ஒப்பிட்டு ஆராய்ந்து, 2016இல் முடிவுகளை வெளியிட்டார்கள். குத்தகைச் சீர்திருத்தம் வலுவாக நடந்த பகுதிகளில் முப்பது ஆண்டு கழித்து நிலத்தில் ஏற்றத்தாழ்வு குறைந்திருந்தது. சொந்தமாகப் பயிர்வைக்கும் நடுத்தரச் சாதிக் குடும்பங்கள் கூடியிருந்தன. ஆனால் சாதி அடுக்கில் கீழே வைக்கப்பட்ட குடும்பங்கள் முன்னைவிட அதிகமாகத் தினக்கூலிக்குப் போயின. அதேசமயம் கூலியும் உயர்ந்திருந்தது. சட்டம் ஒன்றுதான், அது ஒரு தெருவுக்கு நிலமாகவும் அடுத்த தெருவுக்குக் கூலியாகவும் போய்ச் சேர்ந்திருக்கிறது. சேரிக்கும் ஊருக்கும் இடையே எத்தனை அடி தூரம் என்று அறிந்தவர்களுக்கு இதில் வியப்பு ஒன்றும் இல்லை.

நகரியின் கதை இந்த ஆய்வு தொடும் காலத்துக்குக் கொஞ்சம் முந்தியே தொடங்குகிறது.

இன்றைய நகரி, புத்தூர், திருத்தணி எல்லாமே கார்வேட்டிநகரம் ஜமீனுக்குள் இருந்தவை. அன்றைய வட ஆற்காடு மாவட்டத்தின் பெரிய ஜமீன்களில் ஒன்று அது. வடக்கே காளஹஸ்தி, மேற்கே புங்கனூர், தென்மேற்கே கங்குந்தி என்று சுற்றிலும் ஜமீன்கள்தான். 1908இன் எஸ்டேட் நிலச் சட்டம் ஜமீன் ரயத்துக்கு உழும் நிலத்தில் நிலைத்த உரிமை கொடுத்தது. 1937இல் ராஜாஜி அமைச்சரவை அமைந்ததும் டி. பிரகாசம் தலைமையில் ஒரு குழு ஜமீன் கிராமங்களின் நிலவரத்தை ஆராய்ந்தது. முடிவில் ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார் முதல்வராக இருந்த காலத்தில் 1948ஆம் ஆண்டின் 26ஆம் எண் சட்டம் வந்தது: எஸ்டேட்டுகளை ஒழித்து ரயத்துவாரியாக மாற்றும் சட்டம். ஜமீன்தாருக்கு இழப்பீடு, ரயத்துக்குப் பட்டா.

இந்தச் சட்டம் பெரிய காரியம்தான். கிஸ்தியை அரண்மனை ஆளிடம் கட்டிக்கொண்டிருந்த குடியானவர் சர்க்காரிடம் நேரே கட்டினார். பெயர் அடங்கலில் ஏறியது. ஆனால் அது யாருக்குப் பட்டா கொடுத்தது என்பதைக் கவனிக்க வேண்டும். ஏற்கெனவே ரயத்து என்று ஜமீன் கணக்கில் இருந்தவருக்குத்தான் கொடுத்தது. அவருடைய வயலில் ஏர் ஓட்டிய பண்ணையாளுக்கும் நாற்று நட்ட பெண்களுக்கும் ஜமீன் கணக்கிலும் பெயர் இல்லை, சர்க்கார் கணக்கிலும் பெயர் இல்லை. ஏரிப் பாசனத்துக்கு உட்பட்ட நன்செய் முழுவதும் இந்த முதல் சுற்றிலேயே பட்டாவாகிப் போனது. பிற்பாடு நிலம் பங்கிட வந்தவர்களுக்கு மிச்சமிருந்தது எந்த நிலம் என்பதற்கு விடை இங்கேயே இருக்கிறது.

அடுத்தது உச்சவரம்பு. தமிழ்நாட்டில் 1961இன் சட்டம் ஒரு குடும்பத்துக்கு 30 தரநிலை ஏக்கர் என்றது. 1970இல் அது 15 ஆகக் குறைந்தது. ஆனால் விலக்குகள் நிறைய. 1959 ஜூலை 1க்கு முன் தோப்பாக மாறிவிட்ட நிலத்துக்கு விலக்கு, அறக்கட்டளைகளுக்குச் சலுகை. திருத்தணிப் பக்கம் ஒருவருடைய மாந்தோப்பு எந்த வருஷம் வைத்தது என்பது தோட்டக்கலை விஷயமாக மட்டும் இருக்கவில்லை. ஆந்திராவில் பி.வி. நரசிம்மராவ் முதல்வராக இருந்தபோது உருவான சட்டம் 1973இல் வந்து, 1975 ஜனவரி 1 முதல் செயலுக்கு வந்தது. மண்ணின் தரத்தைப் பொறுத்து நன்செய் 10 முதல் 27 ஏக்கர், புன்செய் 35 முதல் 54 ஏக்கர். வயதுவந்த மகன்களுக்குக் கூடுதல் பங்கு.

நகரி மாதிரி மேட்டுப்பாங்கான ஊரில் இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். 54 ஏக்கர் புன்செய்க்கு மேல் ஒரு குடும்பத்தின் பெயரில் இருந்தால்தான் உபரி. மூத்த மகன், இளைய மகன், மருமகன் என்று பிரித்து எழுதிவிட்டால் உபரியே இல்லை. ஒருங்கிணைந்த ஆந்திரப் பிரதேசம் முழுவதிலுமே உச்சவரம்பின் வழியாக ஏழைகளுக்குப் போனது 6 லட்சம் ஏக்கருக்கும் குறைவு. தமிழ்நாட்டில் 2 லட்சம் ஏக்கரைக்கூடத் தொடவில்லை. மேற்கு வங்கத்தில் 10 லட்சம் ஏக்கருக்கு மேல் என்பதோடு ஒப்பிட்டால் இரண்டு மாநிலங்களின் கை எவ்வளவு இறுக்கம் என்பது விளங்கும்.

ஆனால் ஆந்திரா வேறொரு வழியில் தாராளமாகவே கொடுத்தது. சர்க்கார் புறம்போக்கையும் தரிசையும் தர்காஸ்து விண்ணப்பத்தின் பேரில் ஏழைகளுக்கு ஒதுக்குவது. சித்தூர் மாவட்டத்தில் இதற்கு டி.கே.டி. பட்டா என்று பெயர். டி-ஃபாரம் பட்டா என்றும் சொல்வார்கள். ஒருங்கிணைந்த மாநிலத்தில் இப்படி ஒதுக்கப்பட்ட நிலம் 40 லட்சம் ஏக்கரைத் தாண்டும். உச்சவரம்பில் கிடைத்ததைப்போல் ஏழு மடங்கு. எண்ணிக்கையைப் பார்த்தால் நாட்டிலேயே மிகப் பெரிய நிலப் பங்கீடுகளில் ஒன்று.

நிலத்தைப் போய்ப் பார்த்தால்தான் விஷயம் வேறாகிறது.

டி.கே.டி. நிலம் எங்கே இருக்கும் என்று நகரிப் பக்கத்தில் யாரைக் கேட்டாலும் கை மலையடிவாரத்தைக் காட்டும். ஏரி மதகுக்கு மேலே, ஓடை திரும்புகிற இடத்தில், ஆடு மாடு மேய்ந்துகொண்டிருந்த கல்லாங்குத்து. ஜமீன் காலத்திலும் யாரும் கேட்காத நிலம். கேட்டிருந்தால் அது சர்க்காரிடம் மிஞ்சியிருக்காது. ஒன்று, ஒன்றரை, இரண்டு ஏக்கர் என்று துண்டு போட்டு, கல் நட்டு, காகிதம் கொடுத்தார்கள். அந்தக் காகிதத்தில் சர்வே எண் இருந்தது, எல்லை இருந்தது, தீர்வை இருந்தது. தண்ணீர் இல்லை. ஏரித் தண்ணீர் ஆயக்கட்டு நிலத்தோடு ஒட்டியது. ஆயக்கட்டு 1948லேயே கைமாறாமல் பட்டாவாகிவிட்டது. ஆகவே நிலத்தைப் பங்கிட்ட அரசு, தண்ணீரின் பழைய பங்கைத் தொடாமலே விட்டுவிட்டது.

இந்த ஒரு குறையில் ஒரு பெரிய வாதமே நின்றுபோகிறது. 1962இல் அமர்த்தியா சென் எழுதிய கட்டுரையிலிருந்து இந்தியப் பொருளாதாரத்தில் ஒரு கருத்து வேரூன்றியது: சிறு நிலத்தில் ஏக்கருக்கு விளைச்சல் அதிகம், ஏனென்றால் சின்ன விவசாயி குடும்பத்தோடு இறங்கி உழைக்கிறார். நிலப் பங்கீட்டை உணவு உற்பத்தியோடு சேர்த்து வைத்து ஆதரித்தவர்களின் கையில் இருந்த நல்ல ஆயுதம் இது. ஏரிக்கு அடியில் இருக்கும் அரை ஏக்கருக்கு இது அப்படியே பொருந்தும். கல்லாங்குத்தில் உழைப்பைக் கொட்டினால் முதல் மூன்று வருஷம் கல்தான் விளையும். ஏர், வரப்பு, எரு, கிணறு எல்லாவற்றுக்கும் பணம் வேண்டும். விற்க முடியாத நிபந்தனைப் பட்டாவைக் கண்டால் வங்கிக்காரர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்துவிடுவார்.

மேற்கு வங்கத்தில் 1978இல் தொடங்கிய ‘ஆபரேஷன் பர்கா’ வாரக் குடிகளைப் பதிவுசெய்து, நிலத்தை விட்டு அவர்களை வெளியேற்ற முடியாதபடி ஆக்கியது. அந்தக் காலத்து விளைச்சல் பெருக்கத்தில் 28 சதவீதம் அளவுக்கு இந்தச் சீர்திருத்தத்தால் வந்தது என்று அபிஜித் பானர்ஜி, பால் கெர்ட்லர், மைத்ரீஷ் கட்டக் மூவரும் 2002இல் கணக்கிட்டார்கள். அங்கே நடந்தது வண்டல் மண்ணில், ஏற்கெனவே நெல் விளைந்துகொண்டிருந்த வயலில். நகரி அடிவாரத்தில் அதே சட்டத்தைக் கொண்டுவந்து வைத்தாலும் அதே பலன் வராது.

தமிழ் நிலத்திலேயே வண்டல் மண்ணில் நடந்த பங்கீடு ஒன்று உண்டு. கீழ்வெண்மணியில் 1968 டிசம்பர் 25 அன்று 44 பேர் எரித்துக் கொல்லப்பட்ட பிறகு, சர்வோதயத் தம்பதியான கிருஷ்ணம்மாளும் ஜெகந்நாதனும் கீழத்தஞ்சையிலேயே தங்கினார்கள். 1981இல் ‘லாஃப்டி’ என்ற உழுபவர் நில விடுதலை இயக்கத்தைத் தொடங்கி, மிராசுதார்களோடு பேசி விலைக்கு வாங்கி, குடும்பத்துக்கு ஒரு ஏக்கர் என்று பெண்கள் பெயரில் பதிவுசெய்து கொடுத்தார்கள். 10,000க்கும் மேற்பட்ட குடும்பங்கள். அது காவிரிப் பாசனத்து நன்செய். வருஷம் ஒரு போகம் நெல் விளைந்தாலும் வீட்டுக்குச் சில மாதச் சாப்பாடு உறுதி. அவர்கள் பங்கிட்டது நிலத்தோடு சேர்த்து வாய்க்காலையும். பரப்பில் பார்த்தால் டி.கே.டி.க்கு முன்னால் இது துளி. அடுப்புக்கு நேராக எது போனது என்று பார்த்தால் கணக்கு தலைகீழாகிறது.

நகரிப் பக்கத்துப் புன்செயில் ஒருகாலத்தில் கேழ்வரகு, கம்பு, சோளம், கொள்ளு, ஊடே துவரை, அவரை. களியும் கூழும் ஏழை வீட்டு உணவு. நெல் சோறு பண்டிகைக்கு. பிறகு வேர்க்கடலை வந்தது. ஆடி மழையில் விதைத்தால் கார்த்திகைக்குள் கைக்குக் காசு. எண்ணெய் ஆலைகள் பக்கத்திலேயே இருந்தன. டி.கே.டி. நிலத்தில் நிஜமாகவே பயிர்வைத்த முதல் தலைமுறை வேர்க்கடலைதான் வைத்தது.

1994இல் பாமாயில் இறக்குமதிக்குக் கதவு திறந்தது. கடலை எண்ணெய் ஆலைக்காரர்களின் நிலை தளர்ந்தது. மழையும் கைவிட்ட வருஷங்கள் அடுத்தடுத்து வந்தன. காட்டுப் பன்றி வேறு. விதைச் செலவுக்குக்கூட மகசூல் தேறவில்லை என்றால் ஒன்றரை ஏக்கர்க்காரர் என்ன செய்வார்? தறிக்குப் போவார், கட்டட வேலைக்குப் போவார், விடிகாலை ரயிலில் சென்னைக்குப் போவார். நிலம் தரிசாகக் கிடக்கும். தரிசாகக் கிடந்தால் பக்கத்து நிலத்துக்காரர் வேலியைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்துவார்.

அப்போது கைகொடுத்தது மாமரம். முதல் இரண்டு மூன்று வருஷம் குடம் சுமந்து காப்பாற்றிவிட்டால் பிறகு மரம் தன்னைத் தானே பார்த்துக்கொள்ளும். ஆள் ஊரில் இல்லாவிட்டாலும் காய்க்கும். மரம் நின்றால் நிலம் யாருடையது என்பதற்குச் சாட்சியும் நிற்கும். இந்தக் காரணத்தை எந்தத் தோட்டக்கலைக் கையேடும் எழுதுவதில்லை. அரசும் இந்தப் பக்கமே தள்ளியது. 2004க்குப் பின் ஒதுக்கீட்டு நிலங்களைத் திருத்த ‘இந்திரா பிரபா’ திட்டம். 2011இல், சித்தூர் மாவட்டத்துக்காரரான கிரண்குமார் ரெட்டி முதல்வராக இருந்தபோது, தலித், பழங்குடியினரின் 10 லட்சம் ஏக்கருக்கு ஆழ்துளைக் கிணறு என்று ‘இந்திரா ஜல பிரபா’. ஊரக வேலை உறுதிச் சட்டத்தில், நிலச் சீர்திருத்தத்தில் நிலம் பெற்றவரின் சொந்த நிலத்திலேயே வேலை செய்ய இடமிருந்தது. அதில் மாங்கன்று நடுவது ஆந்திராவில் பெரிய இயக்கமாகவே நடந்தது. தண்ணீர் பற்றிய கவலை கடைசியில் அரசுக்கு வந்தது. வந்தபோது அது நெல்லுக்கோ கேழ்வரகுக்கோ வரவில்லை, மாமரத்துக்கு வந்தது.

சித்தூர் மாவட்டம் இன்று பெங்களூரா மாங்காயின் தலைநகரம். தோதாபுரி என்று வியாபாரிகள் சொல்வார்கள், நம் பக்கத்தில் கிளிமூக்கு. தின்பதைவிடக் கூழாக அரைத்து டின்னில் அடைத்து வளைகுடா நாடுகளுக்கும் ஐரோப்பாவுக்கும் அனுப்புவதற்கே அதிகம் போகிறது. கூழ் என்ற சொல் ஒரு தலைமுறைக்குள் எங்கிருந்து எங்கே போய்விட்டது!

அப்படியானால் இந்த மக்கள் எதைச் சாப்பிடுகிறார்கள்? அரிசி. 1983இல் என்.டி. ராமராவ் ஆட்சிக்கு வந்ததும் கிலோ 2 ரூபாய்க்கு ரேஷன் அரிசி கொடுத்தார். கேழ்வரகு அரைக்கும் வீட்டிலும் தினமும் சோறு வெந்தது. எல்லைக்கு இந்தப் பக்கம் 2011 ஜூன் முதல் ரேஷன் அரிசி இலவசம். நகரி வட்டாரத்தின் உணவுப் பாதுகாப்பை டி.கே.டி. பட்டா தீர்மானிக்கவில்லை, பெருமளவு கிருஷ்ணா, கோதாவரி டெல்டாக்களில் விளைந்து, அரசு கொள்முதல் செய்து, லாரியில் வந்திறங்கும் மூட்டை தீர்மானிக்கிறது. நிலச் சீர்திருத்தத்தைப் பழிக்க இதைச் சொல்ல வேண்டியதில்லை. பட்டா கிடைத்த குடும்பம் பண்ணையாளாக இருந்ததிலிருந்து வெளியேறியது. பெண்ணுக்குச் சம்பந்தம் பேசும்போது சொல்லிக்கொள்ள ஒரு நிலம் இருந்தது. கூலி பேசும்போது கொஞ்சம் முரண்டு பிடிக்க முடிந்தது. ஆனால் ‘நிலம் கொடுத்தோம், பசி தீர்ந்தது’ என்று மேடையில் சொல்வதும், ‘நிலத்தைத் துண்டு போட்டதால் உணவு உற்பத்தி சரிந்தது’ என்று பெரிய விவசாயிகளின் வழக்கறிஞர்கள் சொல்வதும் இந்த ஊர்த் தரவில் நிற்காது. துண்டு போட்ட நிலத்தில் முன்பும் பெரிதாக ஒன்றும் விளைந்ததில்லை.

இதே மாதிரிக் கல் நிலத்தில் வேறு விதமாக நடந்த கதையும் ஒன்று உண்டு. தெலங்கானாவின் ஜஹீராபாத் பக்கம் 1983இல் தொடங்கிய டெக்கான் டெவலப்மென்ட் சொசைட்டி, தலித் பெண்களின் சங்கங்களோடு சேர்ந்து, அரசு ஒதுக்கியும் தரிசாகவே கிடந்த நிலங்களைத் திருத்தியது. உழவுக்கும் எருவுக்கும் சங்கத்திலிருந்து கடன். திருப்பிக் கட்டுவது பணமாக இல்லை, சோளமாக. அந்தச் சோளம் ஊர்க் களஞ்சியத்தில் சேர்ந்து, ஊரிலேயே ஏழ்மையானவர் யார் என்று ஊரே பார்த்து முடிவுசெய்து, குறைந்த விலையில் அவர்களுக்குப் போனது. 1990களின் நடுவில் முப்பதுக்கு மேற்பட்ட ஊர்களில் இப்படி ஒரு மாற்று ரேஷன் கடையே நடந்தது. 2019இல் ஐக்கிய நாடுகள் வளர்ச்சித் திட்டத்தின் ஈக்வேட்டர் பரிசு இவர்களுக்குக் கிடைத்தது. தண்ணீர் கேட்காத பயிர், விதை பெண்கள் கையில், தானியம் ஊருக்குள்ளேயே. ஜஹீராபாத்தில் இது முடிந்தது என்றால் நகரியில் ஏன் முடியவில்லை என்று கேட்கலாம். சங்கம் கட்ட நாற்பது ஆண்டு உட்கார்ந்திருக்க ஆள் வேண்டும். சென்னைக்கு விடிகாலை ரயில் இல்லாமலும் இருக்க வேண்டும் என்று குறும்பாகச் சேர்த்துக்கொள்ளலாம்.

மா வந்து கேழ்வரகு போன கதையைக் கடல் தாண்டியும் காணலாம். ஜிம்பாப்வேயில் 2000இல் வெள்ளையர் பண்ணைகளை எடுத்துப் பிரித்தபோது அந்நாட்டுப் புகையிலை உற்பத்தி சுமார் 23.5 கோடி கிலோவிலிருந்து 2008க்குள் 5 கோடி கிலோவுக்கும் கீழே விழுந்தது. உலகமே சீர்திருத்தம் தோற்றது என்று எழுதியது. 2014இல் அதே புகையிலை 20 கோடி கிலோவைத் தாண்டியது. இந்த முறை விளைவித்தவர்களில் பெரும்பாலோர் சிறு விவசாயிகள். கம்பெனிகள் ஒப்பந்தம் போட்டு விதையும் உரமும் முன்பணமாகக் கொடுத்தன. மக்காச்சோளத்துக்கு அப்படிக் கொடுக்க ஆளில்லை. மழை தவறிய வருஷங்களில் நாடு தானியத்துக்கு வெளியே கையேந்தியது. மாங்கூழ் ஆலை நகரி விவசாயிக்கு எப்படியோ, புகையிலைக் கம்பெனி அங்கே அப்படி. கொடுத்த நிலத்தில் எது விளையும் என்பதை யார் கடன் கொடுக்கிறார், யார் வாங்கிக்கொள்கிறார் என்பதே முடிவுசெய்கிறது.

கொடுத்த நிலம் பெற்றவரிடமே இருக்கிறதா என்பது தனிக் கதை. 1892இல் செங்கல்பட்டு ஆட்சியர் டிரமென்ஹீரின் அறிக்கையின் விளைவாகப் பஞ்சமி நிலங்கள் ஒதுக்கப்பட்டபோதே, அவற்றை மற்றவர்க்கு விற்கக் கூடாது என்ற நிபந்தனை கூடவே வந்தது. நிலம் எப்படிக் கைமாறியது என்று தமிழ்நாட்டில் தெரியாதவர் இல்லை. ஆந்திராவின் 1977ஆம் ஆண்டு 9ஆம் எண் சட்டம் ஒதுக்கீட்டு நிலத்தை விற்றால் அந்த விற்பனையே செல்லாது என்றது. விற்பனை நின்றுவிடவில்லை. வெள்ளைத்தாளில், ஸ்டாம்பு பேப்பரில், நம்பிக்கையின் பேரில் நடந்தது. சட்டப்படி செல்லாத சரக்குக்குச் சந்தை விலையில் பாதிகூடக் கிடைக்காது. பாதுகாக்க வந்த சட்டம் விற்றவருக்கே நட்டமாக முடிந்தது.

அரசு தானே திரும்ப எடுத்துக்கொள்வது இன்னொரு வழி. தொழிற்பேட்டையோ சாலையோ வந்தால் முதலில் கண்ணில் படுவது ஒதுக்கீட்டு நிலம். ‘நாங்கள் கொடுத்ததுதானே’ என்பார்கள். பட்டாதாரருக்குச் சந்தை விலை, இவர்களுக்குக் கருணைத் தொகை என்று நெடுநாள் நடந்தது. 2004இல் மேகல பாண்டு வழக்கில் ஆந்திர உயர் நீதிமன்றத்தின் பெரிய அமர்வு, ஒதுக்கீடு பெற்றவருக்கும் பட்டாதாரருக்கு இணையான இழப்பீடு உண்டு என்று தீர்ப்பளித்தது. 1960இல் செங்கல்பட்டிலிருந்து வந்த சத்தியவேடு பக்கத்தில் இன்று ஸ்ரீசிட்டியின் தொழிற்சாலைக் கூரைகள் நீள்கின்றன.

2006இல் அறிக்கை கொடுத்த கோனேரு ரங்காராவ் நிலக் குழு நூற்றுக்கு மேற்பட்ட பரிந்துரைகளைச் செய்தது. காகிதத்தில் இருக்கும் ஒதுக்கீட்டையும் தரையில் இருக்கும் அனுபவத்தையும் ஊர் ஊராகப் போய்ச் சரிபார்க்க வேண்டும் என்பதே அதன் அடிநாதம். பல பரிந்துரைகள் ஏற்கப்பட்டன. சரிபார்ப்பு முடிந்தபாடில்லை. பதிவுச் சட்டத்தின் 22ஏ பிரிவின் கீழ் தடைப் பட்டியலில் நிலம் விழுந்துவிட்டால் அதை எடுக்க தாசில்தார் ஆபீஸுக்கு நடக்கிற நடையில், தமிழ் மட்டும் படிக்கத் தெரிந்த நகரி விவசாயி தெலுங்கு அடங்கலை இன்னொருவரிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லிக் கேட்க வேண்டியிருக்கிறது.

2023இல் ஆந்திர அரசு சட்டத்தைத் திருத்தி, ஒதுக்கி 20 ஆண்டான நிலத்துக்கு முதலில் ஒதுக்கீடு பெற்றவரே முழு உரிமையாளர் என்றது. விற்கலாம், அடகு வைக்கலாம். அடுத்த ஆண்டு ஆட்சி மாறியது. முறைகேடு நடந்திருக்கிறது என்று சொல்லிப் புதிய அரசு அந்த நிலங்களின் பதிவை நிறுத்திவைத்தது. 2024 ஜூலை 21 இரவு, 2022 வரை சித்தூர் மாவட்டத்தில் இருந்த மதனப்பள்ளியின் சப்-கலெக்டர் அலுவலகத்தில் தீப்பிடித்து நிலக் கோப்புகள் எரிந்தன. விசாரணை சி.ஐ.டி.க்குப் போனது. 40 லட்சம் ஏக்கர் பங்கீட்டின் சாட்சி, பீரோவில் கட்டிவைத்த காகிதம்தான்.

தண்ணீருக்கு வருவோம். காலேரு–நகரி சுஜல ஸ்ரவந்தி என்று ஒரு திட்டம் உண்டு. ஸ்ரீசைலத்தின் கிருஷ்ணா வெள்ளத்தில் 38 டி.எம்.சி.யைக் கடப்பை வழியே இழுத்து வந்து 2.6 லட்சம் ஏக்கருக்குப் பாய்ச்சுவது கனவு. கால்வாயின் ஒரு முனை பெயரிலேயே நகரி இருக்கிறது. கண்டிக்கோட்டை அணை நிறைகிறது. அதற்கு இப்பாலுள்ள இரண்டாம் கட்டம் பல ஆட்சிகளைக் கண்டும் முடியாமல் கிடக்கிறது. அதே கிருஷ்ணா நீர், 1983 ஒப்பந்தத்தின்படி தெலுங்கு கங்கைக் கால்வாயில் சத்தியவேடு பக்கத்தைக் கடந்து, 1996 முதல் சென்னைக்குப் போய்க்கொண்டிருக்கிறது. நகரி ஆறும் கொசஸ்தலையில் கலந்து பூண்டிக்குத்தான் போகிறது. மலையடிவாரத்து டி.கே.டி. நிலத்துக்கு இரண்டு பக்கமும் தண்ணீர் போகிறது; நடுவில் மாமரம் வானத்தைப் பார்த்து நிற்கிறது.

2025 ஜூனில் அந்த மாமரமும் காலை வாரியது. முந்திய வருஷத்துக் கூழே ஆலைகளில் தேங்கியிருந்தது. மகசூலோ அமோகம். ஆலை வாசலில் டிராக்டர்கள் நாள்கணக்கில் நின்றன. பறிகூலி கட்டாது என்று சிலர் காயை ரோட்டோரம் கொட்டினார்கள். கிலோவுக்கு 12 ரூபாய் கிடைக்கும்படி செய்வோம், ஆலை 8 ரூபாய் கொடுக்கட்டும், மீதி 4 ரூபாயை நாங்கள் தருகிறோம் என்றது ஆந்திர அரசு. கூடவே சித்தூர் மாவட்ட நிர்வாகம், வெளிமாநிலத்து தோதாபுரி மாவட்டத்துக்குள் வரக் கூடாது என்று தடை போட்டது. கர்நாடக முதல்வர் சித்தராமையா சந்திரபாபு நாயுடுவுக்குக் கடிதம் எழுதினார். கிருஷ்ணகிரிப் பக்கத்து விவசாயிகளும் திகைத்தார்கள். பல வருஷமாகச் சித்தூர் ஆலைக்கே காய் கொண்டுபோனவர்கள், எல்லைச் சாவடியில் லாரியைத் திருப்ப வேண்டியதாயிற்று.

மாங்காயை நிறுத்திய எல்லையில் அரிசி நிற்பதில்லை. தமிழ்நாட்டின் இலவச ரேஷன் அரிசி மூட்டை மூட்டையாக ஆந்திராவுக்குப் போவதும், அங்கே ஆலையில் பட்டை தீட்டப்பட்டு வேறு பெயரில் விலைக்கு வருவதும், திருத்தணியிலும் பொன்பாடியிலும் உணவுக் கடத்தல் தடுப்புப் போலீஸ் அவ்வப்போது பிடிப்பதும் இந்தப் பக்கத்துச் செய்தித்தாள்களின் மூலைச் செய்தி. லாரியில் போவது பெரிய ஆட்களுடையது. சின்ன ஆட்கள் பாசஞ்சர் ரயிலையே நம்புகிறார்கள். பொன்பாடி தாண்டி, நீளப் பெயர்ப்பலகை தாண்டி, நகரியில் வண்டி நிற்கும்போது சீட்டுக்கு அடியிலிருந்து பத்து கிலோ, பதினைந்து கிலோப் பைகள் இறங்கும். இறக்குகிறவர்களில் பெரும்பாலும் பெண்கள்.